மிட்-சைஸ் எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? அம்மாவையும் ஒரு இஞ்ச் டேப்பையும் கூட்டிப் போங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மாதம் இரண்டு முறை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மற்ற நாட்களில் வீட்டுக்கும் கடைக்கும் நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டம். ஆன்-ரோடு 20 லட்சம் வரை முடியும். ஷோரூமில் டீசல் ஆட்டோமேட்டிக், பெரிய சன்ரூஃப் உள்ள டாப் மாடல்தான் சொகுசு என்கிறார்கள். ரெடி ஸ்டாக் இருக்கிறதாம். இப்போதுள்ள சிறிய காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம். அது அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இரண்டு மாதம் முன்பு காலமானார். இந்த டாப் மாடல் அம்மாவுக்கு வசதியாக இருக்குமா?

பதில்: அவர்கள் சொல்லும் வண்டி உங்கள் அம்மாவுக்கும் பொருந்தாது, உங்கள் ஓட்டத்துக்கும் பொருந்தாது. பழைய கார் விஷயத்தில் வேறொரு அவசரம் இருக்கிறது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், அதைப் படிக்காமல் எக்ஸ்சேஞ்ச் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டீசலை முதலில் முடித்துவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு விற்கும் டீசல் கார்களில், புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். உங்கள் நான்கு கிலோமீட்டரில் இன்ஜின் சூடேறும்போதே கடை வந்துவிடும். எரிப்பு பாதியில் நிற்கும், மிச்ச டீசல் ஆயிலில் கலக்கும், கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும். மாதம் இரண்டு மதுரைப் பயணம் இதைச் சரிக்கட்டிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். பெட்ரோல் போதும்.

பெட்ரோலிலும் டர்போ இன்ஜினோடு வரும் டி.சி.டி. எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உங்களுக்கு வேண்டாம். இந்த விலையில் வருபவை பெரும்பாலும் உலர் கிளட்ச் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலிலும், சீசன் நேரத்துக் கொடைக்கானல் ஏற்றத்திலும் சூடாகி வெட்டி வெட்டி இழுக்கும். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோலோடு சி.வி.டி. எனும், கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக் வரும் வண்டிகள் பின் சீட்டில் இருப்பவரைக் குலுக்காமல் நகரும். ஹோண்டா எலிவேட், ஹூண்டாய் க்ரெட்டா, கியா செல்டோஸ் மூன்றிலும் அந்த ஜோடி கிடைக்கிறது. ஹூண்டாயும் கியாவும் ஐ.வி.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் அந்த வகைதான்.

இப்போது அம்மாவின் முழங்கால். மூட்டு மாற்றியவர்களுக்கு ஏறி இறங்குவதுதான் வலி, உட்கார்ந்திருப்பது அல்ல. அவர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இதற்கு சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து பிட்டம் முடியும் மடிப்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் தரையிலிருந்து சீட்டின் மேல்விளிம்பு வரை அளங்கள். சீட் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் அவர் அப்படியே உட்காரலாம். அதைவிட உயரமானால் எக்கி ஏற வேண்டும், பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தால் எழும்போது முழங்கால் கேட்காது. பிறகு சீட் விளிம்புக்கும் கதவடிப் படிக்கும் உள்ள அகலத்தைப் பாருங்கள். அது அகலமாக இருந்தால் உட்கார்ந்தபடி கால் தரையைத் தொடாது, புடவை படியில் உரசி அழுக்காகும்.

பக்கவாட்டில் மாட்டும் ஃபுட்ஸ்டெப்பை ஷோரூமில் பெரியவர்களுக்கு என்று சொல்லி விற்பார்கள். இந்த அளவு வண்டிகளுக்கு அது தேவையே இல்லை. காலை இன்னும் தள்ளி ஊன்ற வைக்கும், கணுக்காலில் சேற்றைப் பூசும், வேகத்தடையில் முதலில் உரசுவதும் அதுதான்.

இன்னொன்று: மதுரைப் பயணத்தில் அம்மாவை முன் இடது சீட்டில் உட்கார வையுங்கள். பெரியவர்களைப் பின்னால் உட்கார வைப்பது மரியாதை என்று நினைத்துப் பழகிவிட்டோம். பின் சீட் பின் சக்கரங்களுக்கு அருகில் இருப்பதால் குலுக்கல் அங்கேதான் அதிகம். முன் கதவு அகலமாகத் திறக்கும், சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்டலாம். ஓட்டுபவர் சீட்டுக்கு உயரம் கூட்டும் வசதி இருக்கும். பக்கத்து சீட்டுக்குப் பல மாடல்களில் இருக்காது. நீங்கள் பார்க்கும் வேரியன்ட்டில் அது இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள், துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

டாப் மாடலில் சொகுசு குறைவது இரண்டு இடத்தில். ஒன்று டயர். டயர் பக்கவாட்டில் 205/65 ஆர்16 என்று இருந்தால், 205 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம், அதாவது 133 மில்லிமீட்டர், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவரின் உயரம். குழியின் அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர். க்ரெட்டாவில் கீழ் வேரியன்ட்டுகளுக்கு இந்த அளவு. மேலே போனால் 215/60 ஆர்17, கணக்குப் போட்டால் 129. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது. க்ரெட்டாவின் ஸ்போர்ட்டி வகையான என்-லைனில் வரும் 215/55 ஆர்18-ல் அது 118 ஆகிவிடும். அந்த 15 மில்லிமீட்டர் ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பில் தெரியும். எலிவேட்டிலும் 16 அங்குல ரிம் உள்ள வேரியன்ட்டுக்கும் 17 அங்குல ரிம் உள்ளதற்கும் இதே மாதிரி 11 மில்லிமீட்டர் போகிறது. ரிம் அழகுக்காகக் காசு கொடுத்துக் குலுக்கலை வாங்காதீர்கள்.

இரண்டாவது அந்தப் பெரிய சன்ரூஃப். அதன் சட்டமும் திரையும் கூரைக்குள் இடம் பிடித்துக்கொண்டு தலைக்கு மேல் ஓரிரு அங்குலத்தைத் தின்னும். நம் வெயிலில் ஏ.சி.க்கும் கூடுதல் வேலை. அந்தப் பணத்துக்குக் காற்றோட்டமுள்ள முன் சீட் கிடைத்தால் அம்மாவுக்கு உண்மையான பலன் உண்டு.

டெஸ்ட் டிரைவ் ஏறுவதற்கு முன் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும் வண்டிகளுக்குக் காற்றை மிகையாக அடித்து அனுப்புவார்கள். அதைக் குறைக்காமலே டெலிவரி கொடுக்கும் இடங்கள் நிறைய. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் சரியான அளவு இருக்கும். 33-35 இருக்க வேண்டிய இடத்தில் 42 இருந்தால் எந்த வண்டியும் கட்டை வண்டியாகத்தான் தெரியும். ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான பைபாஸில் போய்விட்டுத் திரும்ப வேண்டாம். அம்மாவை உட்கார வைத்து, வேகத்தடை உள்ள தெருவில் 15-20 வேகத்தில், ஒட்டுப்போட்ட ரோட்டில் 40 வேகத்தில், குறைந்தது இருபது நிமிடம். அவர் வாக்கரையும் எடுத்துப் போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் வகை) ஊருக்குள் சத்தமில்லாமல் ஓடும், மைலேஜும் நன்றாக வரும். பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி 373 லிட்டரிலிருந்து 265 ஆகச் சுருங்கிவிடுகிறது. வாக்கரும் இரண்டு பையும் வைத்தால் நிறைந்துவிடும். எலிவேட்டின் டிக்கி 458. உங்கள் தேவையை வைத்துப் பார்த்தால் எலிவேட் சி.வி.டி.யில் 16 அங்குல ரிம் உள்ள வேரியன்ட்டை முதலில் போய்ப் பார்க்கச் சொல்வேன். அம்மாவின் அளவுக்குச் சீட் உயரம் ஒத்து வரவில்லை என்றால் க்ரெட்டா.

20 லட்சம் ஆன்-ரோடு என்றால் எக்ஸ்-ஷோரூம் 16 லட்சத்துக்குள் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் விலையுள்ள காருக்கு சாலை வரி 18 சதவீதம். 16 லட்சத்துக்கு 2,88,000 ரூபாய். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரியையும் சேர்த்த விலை மீது மறுபடி 18 சதவீதம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வாங்கும் காருக்கு வரிக்கு மேல் வரி கட்ட வேண்டியிருக்கிறது, கேட்பார் யாரும் இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அதாவது உங்கள் வருமான வரிக் கணக்கில் விற்பவர் முன்கூட்டியே வாங்கிக் கட்டும் தொகை. அது உங்கள் பணம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறுங்கள். பலர் இதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

"ரெடி ஸ்டாக்" என்றால் தள்ளுபடிக்கு முன் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். வண்டியில் பதித்த தகட்டிலும், விற்பனைச் சான்றான படிவம் 21-லும் மாதமும் வருடமும் இருக்கும். போன வருடத்து வண்டி என்றால் நாளை விற்கும்போது ஒரு வயது கூடுதல். அதற்குத் தக்க விலை குறைக்காவிட்டால் வேண்டாம். பில்லில் "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று தனியாக எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வண்டியை அவர்கள் யார்டிலிருந்து அவர்கள் ஷோரூமுக்குக் கொண்டுவருவது உங்கள் செலவு அல்ல. "எசென்ஷியல் கிட்" கட்டாயம் என்பதும் பொய். அதில் வரும் ரெக்ஸின் சீட் கவர் காசைப் பிடுங்குவதோடு நிற்காது, ஆபத்தும் கூட: சீட்டின் பக்கவாட்டிலிருந்து விரியும் ஏர்பேகைத் தடுக்கும், காற்றோட்ட சீட்டின் துளைகளையும் அடைக்கும்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி கட்டாயம், அதன் கட்டணம் அரசு நிர்ணயித்தது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். பேரம் பேச இடமுள்ளது சொந்தச் சேதத்துக்கான பகுதியில். அதே ஐ.டி.வி. (காருக்குப் பாலிசியில் போடும் மதிப்பு), அதே கூடுதல் காப்புகளோடு வெளியில் இரண்டு இடத்தில் விலை வாங்கிக்கொண்டு போங்கள்.

இந்த இடத்தில்தான் அப்பாவின் பழைய கார் வருகிறது. தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் செய்யாதவருக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் வரை போகும். அது காருக்கு அல்ல, காரின் சொந்தக்காரருக்குச் சேர்ந்தது. சாதாரணமாக ஒருவர் போனஸை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. அப்பா உயிரோடிருந்து காரை உங்கள் பெயருக்கு மாற்றியிருந்தால் அவருடைய போனஸ் உங்களுக்கு வராது. ஒரே ஒரு விலக்கு உண்டு: சொந்தக்காரர் இறந்து, கார் அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோரில் யாருடைய கைக்குப் போகிறதோ அவருக்கு அந்த போனஸும் போகும். உங்கள் விஷயம் இதுதான். ஆனால் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைதான். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக இல்லாமலிருக்கலாம். இன்றைக்கே இறப்புச் சான்றிதழோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள், பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ.விலும் அதே மூன்று மாதக் கெடு. இறந்தவர் பெயரிலிருந்து மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று வேண்டும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று பின்தொடர வேண்டும். துக்க வீட்டுக்காரரை ஒரு பழைய காருக்காக இத்தனை படி ஏற வைப்பது அநியாயம். அந்த அநியாயத்தை வைத்துத்தான் புரோக்கர் பிழைக்கிறார். "அலைய வேண்டாம் சார், 29, 30-ல் அப்பா கையெழுத்து மாதிரி ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்பார். அவை காரை விற்கும்போது பெயர் மாற்றப் போடும் படிவங்கள். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது போலிக் கையெழுத்துக் குற்றம். போட்டவர் நீங்கள், புரோக்கர் அல்ல. வெற்றுப் படிவத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டாம். ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை விபத்துக்கு ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். கார் முதலில் உங்கள் பெயருக்கு வரட்டும். பிறகு எக்ஸ்சேஞ்ச் விலையை வெளியிலும் இரண்டு இடத்தில் கேட்டு, கூடுதலாகத் தருபவருக்கு 29, 30-ல் வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பிக் கையெழுத்திடுங்கள். விற்ற காகிதத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் நோ கிளைம் போனஸ் கடிதம் வாங்குங்கள், அது மூன்று வருடம் செல்லும். அந்தக் கடிதத்தோடு புதுக் காரின் பாலிசியை எடுங்கள். பழைய காரின் பெயர் வாங்கியவருக்கு மாறிவிட்டதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். மாறும் வரை எக்ஸ்சேஞ்ச் காகிதங்களின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.