வாசகர் கேள்வி – பதில்: முடி உதிர்ந்து அலையும் தனுக்கி

கேள்வி: டோக்கியோவின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். மாலையில் என் நாயுடன் ஆற்றங்கரையில் நடக்கும்போது, உடலெங்கும் முடி உதிர்ந்து தோல் தடித்துப்போன ஒரு விலங்கைச் சில நாட்களாக வெளிச்சம் இருக்கும்போதே பார்க்கிறேன். தனுக்கி எனப்படும் ரக்கூன் நாய் அது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அதற்கு என்ன நோய்? உணவு வைக்கலாமா? என் நாய்க்கும் தொற்றுமா?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அடையாளங்களைப் பார்க்கும்போது அது சொறிநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஜப்பானின் பல பகுதிகளில் தனுக்கிகளை நெடுங்காலமாக வாட்டிவரும் நோய் அது. சார்கோப்டிஸ் என்னும் மிகச் சிறிய சிற்றுண்ணி மேல்தோலைக் குடைந்து உள்ளே சென்று முட்டையிட, அதன் உடலுக்கும் கழிவுக்கும் தோல் காட்டும் ஒவ்வாமையால் தாங்கமுடியாத அரிப்பு உண்டாகிறது. விலங்கு ஓயாமல் சொறிந்தும் கடித்தும் முடியை இழக்கிறது. புண்களில் பாக்டீரியாக்கள் புகுகின்றன. தோல் பொருக்குத் தட்டி வெடிக்கிறது. முடியிழந்த உடலிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பதால், அதை ஈடுசெய்யச் சேமித்த கொழுப்பெல்லாம் கரைந்துபோகிறது. கடைசியில் அதன் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குளிரும் மெலிவும்தான். இரவில் நடமாடும் இவ்விலங்கு நோயுற்றபின் பகலில் வெளியே வருவதற்கு, பசியும் கதகதப்பைத் தேடும் தவிப்புமே காரணம் என்று கருதலாம்.

இந்நோய் இவ்வளவு எளிதாகப் பரவுவதற்கு அவற்றின் வாழ்க்கைமுறையே வழிசெய்கிறது. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் ஒரே வளையில் ஒட்டிப் படுக்கின்றன. நரியோ, மண்ணைத் தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கோ தோண்டிய வளைகளிலும் குடியேறுகின்றன. பல விலங்குகள் ஒரே இடத்தைக் கழிப்பிடமாகப் பயன்படுத்துகின்றன. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள வளைக்குள் சிற்றுண்ணி, விலங்கின் உடலை விட்டு விழுந்த பின்னும் சில நாட்கள் உயிரோடிருக்கும். நாம் வைக்கும் உணவுத் தட்டும் அத்தகைய இன்னொரு கூடுமிடமாகிவிடுகிறது. உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தயவுசெய்து உணவு வைக்காதீர்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்தால் குணமாகக்கூடிய நோய்தான் என்றாலும், உடல் எடைக்கேற்ற அளவில், கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் அது தரப்பட வேண்டும். உணவில் மறைத்து வைத்தால் யார் வீட்டு நாய் தின்னும் என்று சொல்ல முடியாது. கோலி (Collie) என்னும் ஆட்டுமந்தை காக்கும் வகை நாய்களில் பலவற்றுக்கு அம்மருந்து நரம்பு நஞ்சாகவே அமையும். அனுமதியின்றிக் காட்டு விலங்கைப் பிடிப்பது அங்கே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தகவல் தருவதே சரியான வழி.

உங்கள் நாய்க்குத் தொற்றும். அவ்விலங்கு படுத்த புதர்களுக்குள் நாயை விடாதீர்கள். காதோரங்களிலும் முழங்கைப் பகுதியிலும் அரிப்போ முடியுதிர்வோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்குச் சில நாட்கள் அரிப்பு வரலாம். விலங்குகளின் சிற்றுண்ணி நம் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் உறங்கும் நாய் இனம் உண்டு என்று படித்தேன். உண்மையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உண்மைதான், நாய்க் குடும்பத்தில் அப்படி உறங்குவது ரக்கூன் நாய் ஒன்றே. பெயரில் ரக்கூன் என்னும் வேறொரு அமெரிக்க விலங்கு இருந்தாலும் அதற்கு நெருங்கிய உறவு நரிகள்தான். பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில், கோடையில் ஐந்து கிலோவை ஒட்டியிருக்கும் உடல், தவளை, பூச்சி, எலி, பழம் என எதையும் தின்று இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருக்கும். பனி மூடியதும் இணையாக வளைக்குள் படுத்துவிடும். உடல் வெப்பம் ஓரிரண்டு டிகிரி மட்டுமே குறைவதால் இதை ஆழ்ந்த குளிருறக்கம் என்று சொல்வதற்கில்லை. வெயில் அடித்தால் எழுந்து நடமாடும். ஜப்பானின் தென்பகுதியைப் போன்ற மிதமான இடங்களில் இவ்வுறக்கமே இல்லை. போதிய கொழுப்பு சேராத குட்டிகளுக்கு முதல் குளிர்காலமே பெரும் சோதனை. ஏறத்தாழ ஒன்பது வாரச் சினைக்காலத்துக்குப் பின் வசந்தத்தில் பிறக்கும் குட்டிகளைக் காப்பதில் தந்தையின் பங்கு என்னை எப்போதும் நெகிழச் செய்வது. தாய் இரை தேடிப் போகும் நேரமெல்லாம் வளையில் குட்டிகளோடு தங்கியிருப்பது தந்தைதான்.

கேள்வி: கொரோனா இந்த விலங்கிடமிருந்துதான் வந்ததா? வெறிநோயையும் பரப்புமா? (கோவை வாசகர்)

பதில்: முதல் கேள்விக்கு அறுதியான விடை கிடைக்கவில்லை. 2003இல், கொரோனா வகையைச் சேர்ந்த சார்ஸ் என்னும் சுவாச நோயின் வைரஸை ஒத்த வைரஸின் தடயம் சீனாவின் ஷென்ஜென் நகரச் சந்தையில் ஒரு ரக்கூன் நாயிடம் கண்டறியப்பட்டது. 2020இல் ஜெர்மனியின் விலங்கு நோய் ஆய்வகமான பிரீட்ரிக் லோஃப்லர் நிறுவனத்தில், ஒன்பது ரக்கூன் நாய்களின் மூக்கில் கொரோனா வைரஸைச் செலுத்தியபோது ஆறுக்குத் தொற்றியது. அருகில் வைக்கப்பட்ட மூன்றில் இரண்டுக்கும் பரவியது. எதற்கும் கடும் நோய் வரவில்லை. வூஹான் சந்தையில் வைரஸ் இருந்த மாதிரிகள் சிலவற்றில் இவ்விலங்கின் மரபணுப் பொருள் கலந்திருந்தது 2023இல் தெரியவந்தது. அவை அங்கே இருந்தன என்பதை அது காட்டுகிறது. அவற்றுக்குத் தொற்றியிருந்தது என்பதை அது நிறுவவில்லை. காட்டில் தன் போக்கில் திரியும் விலங்கைக் காட்டிலும், ரோமத்துக்காகவும் இறைச்சிக்காகவும் கூண்டுகளில் நெருக்கி அடைக்கப்பட்ட விலங்கைக் குறித்தே நாம் கவலைப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023இல் பின்லாந்தின் ரோமப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் நரிகளோடு ரக்கூன் நாய்களையும் தாக்கியது.

வெறிநோயைப் பரப்பும். ரோமத்துக்காகச் சோவியத் அரசு 1920களின் இறுதியிலிருந்து தன் ஐரோப்பியப் பகுதியில் ஆயிரக்கணக்கில் விட்ட இவ்விலங்கு, அங்கிருந்து பின்லாந்து, போலந்து, ஜெர்மனி வரை பரவியது. 1988இல் பின்லாந்தில் வெறிநோய் தலைகாட்டியபோது உறுதிசெய்யப்பட்ட 66 விலங்குகளில் 48 ரக்கூன் நாய்களாக இருந்தன. தடுப்பு மருந்து வைத்த தீனியைக் காடுகளில் தூவியே 1991க்குள் அந்நாடு அந்நோயை ஒழித்தது.