பைபாஸுக்குப் பின் மூச்சுத் திணறல்: நெஞ்சை நீவலாமா?

வணக்கம். இதய பைபாஸ் அறுவை முடிந்து ஐந்து வாரமாகியும் தங்கள் தந்தையாரால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியவில்லை என்றும், மேலூரில் நெஞ்சை நீவிவிடுபவரிடம் அழைத்துச் செல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். அறுத்துக் கம்பியால் இணைத்த மார்பெலும்பு நன்றாகக் கூடுவதற்குப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதற்குள் எண்ணெய் தடவி அழுத்தினால் எலும்பு விலகக்கூடும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு உள்ளே இரத்தம் கட்டவும் கூடும்.

பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்வது வேறு. வலிக்குப் பயந்து தந்தையார் இறுக்கி வைத்திருக்கும் தோள், முதுகு, பக்கவிலாத் தசைகளை, மார்பெலும்பின் மேல் கை வைக்காமல் மென்மையாகத் தளர்த்தி, விலா விரிய வழிசெய்வார். ஆனாலும் அது துணைச் சிகிச்சையே. நுரையீரலின் அடியில் சுருங்கிய காற்றறைகளைத் திறப்பவை ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும், தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுவதும், வெயில் ஏறுமுன் நடப்பதும்தான். மூச்சுப் பயிற்சிக்காக மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் கருவி, பல வீடுகளில் போல, பீரோவின் மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, அறுவை செய்த மருத்துவரிடம் எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்த்துவிடுங்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் எவர் கையும் உதவாது. படுத்தால் மூச்சு முட்டுவதோ, கால் வீக்கமோ, காய்ச்சலோ, மார்பெலும்பில் 'கடக்' என்ற சத்தமோ இருந்தால், நள்ளிரவானாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.