விசில் ஒரு கையில், வினாப்பெட்டி மறுகையில்

கேள்வி: வரும் கல்வியாண்டு முதல் எங்கள் பள்ளியில் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரே பாடமாகின்றன. ஆறு ஆசிரியர்களுக்குத் திட்டமிட உதவும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூவர் மைதானத்திலேயே பழகியவர்கள். பூப்பு, மனநலம் என்றாலே தயங்குகிறார்கள். மற்ற மூவர் வகுப்பறை ஆசிரியர்கள். விளையாட்டுக் கற்றுத்தரத் தெரியாதே என்று அஞ்சுகிறார்கள். விடுமுறைக்குள் ஆண்டுத் திட்டம் முழுவதையும் நானே எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
– ஓர் ஒருங்கிணைப்பாளர்

பதில்: வேண்டாம். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால், பிறர் எழுதித் தந்த திட்டம் பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும். வகுப்பில் பழைய பாடம்தான் நடக்கும். மைதானத்துக்காரர் ஒருவர், வகுப்பறைக்காரர் ஒருவர் என மூன்று இணைகளாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வோர் இணையும் முதல் நான்கு வாரங்களுக்கான ஓர் அலகை மட்டும் எழுதட்டும்.

'முதல் பருவம் கால்பந்து, அடுத்தது கைப்பந்து' என்று கட்டங்களை நிரப்பி அந்த வேலையைத் தொடங்க விடாதீர்கள். அலகு முடியும்போது இந்த வயதுப் பிள்ளை எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இரண்டு நிமிடம் ஓடியபின் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்கி, துடிப்பு ஏன் கூடியது என்று பத்து வயதுப் பிள்ளையால் சொல்ல முடிந்தால், சுகாதாரமும் உடற்கல்வியும் அந்த ஒரே பாடவேளையில் சேர்ந்துவிடுகின்றன.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பாடவேளை மட்டும் இந்தக் குறையை நிரப்பாது. ஆனால் அந்தப் பாடவேளையிலேயே பிள்ளைகளை உட்கார வைக்கும் 'அவுட்' விளையாட்டுகளை நீக்கிவிடலாம். அவற்றில் முதலில் வெளியேறுபவர், பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். இதில் நான் சமரசமே செய்யமாட்டேன்.

விளையாடிக் காட்டத் தெரியாத ஆசிரியருக்கும் வழி உண்டு. 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்கல்வியாளர்கள் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் ஒரு முறையை முன்வைத்தார்கள். முதலில் மூவருக்கு மூவர் என்ற சிறிய ஆட்டம். பிறகு நிறுத்தி, 'காலியிடம் எங்கே இருந்தது? பந்தை ஏன் அங்கே அனுப்பவில்லை?' என்று கேட்பது. நுட்பம் தேவைப்படும்போது மட்டும் அதைக் கற்பிப்பது. நன்றாகக் கேள்வி கேட்கும் வகுப்பறை ஆசிரியருக்கு இது பழகிய வேலைதான்.

நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது மைதானத்து ஆசிரியர்களின் தயக்கத்துக்கு. பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பூப்பு மாற்றங்கள் தொடங்குகின்றன. எனவே, உயர்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. மாதவிடாய், விந்து, மார்பகம் என்ற சொற்களை ஆசிரியர்கள் முதலில் தங்களுக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். ஆசிரியரின் குரல் தடுமாறினால், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மாதவிடாய்ப் பாடத்தில் ஆண்பிள்ளைகளும் இருக்க வேண்டும். கேலி குறைய நான் அறிந்த நல்ல வழி அதுதான்.

வகுப்பில் ஒரு வினாப்பெட்டி வையுங்கள். பெயர் எழுதாமல் எல்லோரும் ஒரு சீட்டுப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை' என்று எழுதட்டும். அப்போதுதான் கேட்டவர் யார் என்று தெரியாது. பதிலை அடுத்த வகுப்பில், தயாரித்துக்கொண்டு சொன்னால் போதும். என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு ஏதேனும் ஒரு பிள்ளை, தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லக்கூடும். யாரிடம் உடனே தெரிவிப்பது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே பள்ளி முடிவு செய்திருக்க வேண்டும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. 'உன்னைக் காக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லலாம்.

மதிப்பீட்டில் ஓட்ட நேரத்தை வைத்துத் தரவரிசை வேண்டாம். 13 வயதில் ஒரே வகுப்பு மாணவர்களிடையே உடல் வளர்ச்சி சில ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். பிள்ளையை அவரது முந்தைய நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நான்கு வாரம் கழித்து ஆறு பேரையும் அரைமணி நேரம் கூட்டி, எந்தப் பாடம் சரியாக வரவில்லை என்று கேளுங்கள். இரண்டாவது அலகை அதன்பிறகு எழுதத் தொடங்கட்டும்.