குளம், மதகு, கிணறு: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வெள்ளம் பற்றியவை, மீதி கிணறு வற்றுவது பற்றியவை. பிரிக்காமல் ஒன்றாகவே போட்டிருக்கிறேன். மார்கழியில் வீட்டுக்குள் வந்த தண்ணீரும் ஆவணியில் கிணற்றில் இல்லாத தண்ணீரும் ஒரே தண்ணீர்தான்.

எங்கள் ஊர்க் குளத்தின் வான் (நிரம்பிய குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் இடம்) உடைந்து கிடக்கிறது. பிரதேச சபையில் கேட்டால் "குளம் எங்களுடையதில்லை" என்கிறார்கள். உண்மையா? (துணுக்காய்)

பாதி உண்மை. 200 ஏக்கர் வரையான வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அதிலும் மத்தி, மாகாணம் என்று இரண்டு உண்டு. நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபை. ஏ9 போன்ற பெருந்தெருக்களுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை. இத்தனை பேருக்கும் பங்கு பிரித்த பிறகு பிரதேச சபைக்கு மிஞ்சுவது ஊருக்குள் இருக்கும் வீதி, வடிகால், வீதிக்கு அடியால் தண்ணீர் கடக்கும் மதகு.

மிஞ்சியதுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு குளம் வான் பாய்ந்து அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறதா, உங்கள் வளவுக்குள் வருகிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த மதகும் வடிகாலும்தான். எனவே இரண்டு கடிதம் எழுதுங்கள். வானைத் திருத்தக் கமக்காரர் அமைப்பின் பெயரில் கமநல சேவை நிலையத்துக்கு ஒன்று. வான் தண்ணீர் போகும் வாய்க்கால் வீதியைக் கடக்கும் இடத்தைக் குறிப்பிட்டுத் தவிசாளருக்கு ஒன்று. ஒன்றின் பிரதியை மற்றவருக்கும் அனுப்புங்கள்.

புது கொங்கிறீற் வீதி போட்ட பிறகுதான் எங்கள் பக்கம் வெள்ளம் நிற்கிறது. மதகு இருக்கிறது, ஆனாலும் வடியவில்லை. (புதுக்குடியிருப்பு)

இந்தக் கேள்வி வராத மாரி இல்லை. நான் வேலையில் இருந்தபோது ஒரு சபை புதிதாகப் போட்ட மதகைப் பார்க்கப் போனேன். குழாய் நல்ல பெரிய குழாய், சுவரும் வடிவாகப் பூசியிருந்தது. குனிந்து பார்த்தால் குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரம். அந்த ஒரு முழத்துக்குத் தண்ணீர் ஏறும்வரை வீதியே குளக்கட்டாக நிற்கும். மேல்பக்கம் நான்கைந்து வீடுகள். அங்கிருந்த ஒரு அம்மா சுவரில் இருந்த சேற்றுக்கோட்டைக் காட்டினார். அடுப்பங்கரைக் கல்லுக்குச் சற்று மேலே. மதிப்பீடு தயாரித்தவர்கள் வீதியின் மட்டத்தை அளந்திருந்தார்கள், வாய்க்காலின் மட்டத்தை அளக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: மழை இல்லாத நாளில் ஒரு நீளக் கயிறும் ரஸமட்டமும் எடுத்துக்கொண்டு போங்கள். குழாயின் அடி, மேல்பக்க வாய்க்காலின் தரை, கீழ்பக்க வாய்க்காலின் தரை மூன்றையும் ஒப்பிட்டுப் படம் எடுங்கள். வேலையின் மதிப்பீடும் வரைபடமும் வேண்டுமென்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கையில் படமும் வரைபடமும் இருந்தால் கதை வேறு.

சபையிடம் காசு இல்லை என்கிறார்கள். இப்படியான வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும்? (மாந்தை கிழக்கு)

பெரிய காசு இல்லை என்பது சரி. வன்னிச் சபைகளின் சொந்த வருமானம் சிறியது. ஆதனவரி, சந்தைக் குத்தகை, அப்புறம் மாகாணம் வழியாக வந்து சேரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். இதற்கு மேலே மாகாண அபிவிருத்தி நிதி, பன்முகப்படுத்தப்பட்ட நிதி. முன்பு உலக வங்கி உதவியோடு நெல்சிப் (வடக்கு கிழக்கு உள்ளூர் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம்) வந்தது, பிறகு எல்.டி.எஸ்.பி. (உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம்) வந்தது. இப்படியான திட்டங்களில் யார் மதிப்பீட்டைத் தயாராக வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே முதலில் கிடைக்கும்.

அதனால் நான் சபை உறுப்பினர்களிடம் சொல்வது, பாதீட்டில் வேலைக்கு முன் அளவைக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள் என்பதுதான். ஒரு குளத்தொடரின் (ஒன்றின் வான் தண்ணீர் அடுத்ததற்குப் போகும் குளங்களின்) வாய்க்கால்களை மட்டம் எடுத்து வரைபடம் ஆக்குவதற்கு ஒரு மதகு கட்டும் செலவுகூட ஆகாது. அந்த வரைபடம் இருந்தால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் நம்பிக்கையோடு வாய் திறக்கலாம். 2023 மார்ச்சுக்குப் பிறகு 2025 மே 6 தேர்தல் வரை சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஆள் இருக்கிறார். மாரி தொடங்கிய பிறகு ஓடாமல், பாதீடு எழுதும் ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே அவரைப் பிடியுங்கள்.

வேறு சபையின் எல்லையில் நடக்கும் வேலைக்கு எங்கள் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? (கிளிநொச்சி)

கனகராயன் ஆறு வவுனியாவில் பிறக்கிறது, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வருகிறது, அங்கிருந்து சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகிறது. மூன்று மாவட்டம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்று எல்லோரும் சண்டை பிடித்தோம்; மேலே இருக்கும் சிறு குளங்கள் எத்தனை உடைந்து கிடந்தன என்று கேட்டவர்கள் குறைவு. மேலே தண்ணீர் தங்கினால் கீழே கதவு திறக்கும் அவசரம் குறையும், மேலுள்ள கிணறுகளும் ஊறும். மேலே செலவாகும் காசு உங்கள் வயலுக்கும் செலவானதுதான்.

எங்கள் குளத்தை இன்னும் பத்து அடி ஆழமாக்கினால் கிணறுகள் வற்றாதுதானே? (செட்டிகுளம்)

இதில்தான் நான் எல்லோரோடும் முரண்படுவேன். வவுனியாப் பக்கம் கீழே கரும்பாறை. கிணற்றுக்கு வரும் தண்ணீர், பாறைக்கு மேலே உக்கிப்போன மெல்லிய மண்ணில் தங்குவது. குளத்தில் தண்ணீர் பரந்து நிற்கும்போது கட்டுக்குக் கீழே உள்ள கிணறுகள் ஊறுவது அந்த மண் வழியாக. துருசின் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் கதவின்) அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய தண்ணீர் வயலுக்கு வராது. மாடு குடிக்கும், கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். அளவு மீறித் தோண்டினால் அடியிலுள்ள களிப்படை கிழிந்து குளம் சீக்கிரம் வற்றும் இடங்களும் உண்டு.

படிந்த வண்டலை மட்டும் எடுங்கள், அதுவும் மேற்பகுதியில். வண்டல் வராமல் இருக்க நீரேந்து பக்கத்து மரங்களை விடுங்கள். இன்னொன்று: தூர்வாருகிறோம் என்று வந்து கிறவல் மண்ணை டிப்பரில் ஏற்றுபவர்களிடம் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். முகம் மாறும்.

பாவிக்காத பழைய கிணற்றுக்குள் மழைத்தண்ணீரை விடலாமா? (ஒட்டுசுட்டான்)

கூரைத் தண்ணீரை விடலாம். 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 9000 லீற்றர் வரும். ஒரு நல்ல மாரி மழை நாள் போதும். முதல் மழையைக் கழித்துவிட்டு, கல், சரளை, மணல் போட்ட தொட்டி வழியாக இறக்குங்கள். வீதித் தண்ணீர், மாட்டுப்பட்டித் தண்ணீர், மருந்தடித்த வயல் தண்ணீர் எதையும் விடாதீர்கள்; அது பக்கத்து வீட்டுக் குடிகிணற்றுக்கும் போகும். மலசலகூடக் குழிக்கு அருகில் இருக்கும் கிணறு என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

சபைக் கட்டடங்கள், சந்தைகள், சனசமூக நிலையங்களின் கூரைகளை முதலில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அதற்குத் திணைக்களம் எதனிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை.

குளத்து அலைகரைக்குள் (குளம் நிரம்பினால் தண்ணீர் நிற்கும் கரையோர நிலத்துக்குள்) வேலி போட்டு வாழை வைத்திருக்கிறார்கள். யாரிடம் முறையிடுவது? (பெயர் வேண்டாம்)

கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், பிரதேச செயலாளருக்குப் பிரதி. கமக்காரர் அமைப்பின் பெயரில் கொடுத்தால் உங்கள் பெயர் வெளியில் வராது. வாழை குலை தள்ளும்வரை காத்திருக்காதீர்கள். பிறகு மனிதாபிமானம் பேசுவார்கள்.