சோறு இருக்கட்டும், முதலில் டீயைப் பாருங்கள்

கேள்வி: வயது 43, எடை 78 கிலோ. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.1 என்று வந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. பயந்துபோய்ச் சோறு, இனிப்பு, டீ எல்லாவற்றையும் நிறுத்தி, தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா டாக்டர்?

பதில்: உறுதியில் ஒரு குறையும் இல்லை சார், நாலையும் ஒரே நாளில் பிடித்தால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இரண்டே இலக்குகளோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். உங்களுக்கு அந்த 7 சதவீதம் ஐந்தரை கிலோ. மெதுவாகக் குறைந்தால் போதும்.

டீயில் தொடங்குங்கள். நாளைக்கு ஐந்து கடை டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலே 40 கிராம் சர்க்கரை ஆகிவிடுகிறது, உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீயை விடவேண்டாம். மாஸ்டரிடம் இந்த வாரம் "சர்க்கரை கம்மி", அப்புறம் அரை ஸ்பூன், பிறகு இல்லாமலே. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒன்றுதான்.

சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி, ராகிக் கஞ்சி என்று மாறுவதும் பெரிதாக உதவாது, மாவுச்சத்து ஏறக்குறைய அதே அளவுதான் போகிறது. சோறே சாப்பிடுங்கள், ஆனால் பொரியலையும் கூட்டையும் முதலில் தட்டில் நிறையப் போட்டுக்கொண்டு மீதி இடத்தில் சோறு. கடை அடைத்து வீட்டுக்குப் போகப் பத்து மணி ஆகும் ஆட்கள் கொலைப்பசியில் உட்கார்ந்து இரண்டு மடங்கு சாப்பிட்டுவிடுகிறார்கள், அதனால் ஏழு மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள், இரவுச் சாப்பாடு தானாகக் குறையும்.

நடை ஒரு மணி நேரம் வேண்டாம். சாப்பிட்ட பிறகு மதியம் பத்து நிமிடம், இரவு பதினைந்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும்.

எந்த மாற்றத்தையும் எடுக்கும் முன், தீபாவளி வியாபார நாளில்கூட இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் பாதியாக்குங்கள். ஒன்று பழகிய பிறகுதான் அடுத்தது.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள், கூடவே ரத்த அழுத்தம், கொழுப்பு. அதற்குள் தாகம் அதிகமானாலோ, இரவில் அடிக்கடி சிறுநீர் போனாலோ, காரணமில்லாமல் எடை சரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.