மோட்டார் மாட்டிய சைக்கிளுக்கு நீடித்து உழைக்கிற டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டியிருக்கிறீர்கள், பின் டயர் சில மாதத்திலேயே போய்விடுகிறது, பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டிகள்) தடிமனான டயர் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கடையில் இருந்ததிலேயே முரட்டுப் பட்டன் வைத்த டயராகப் பார்த்து வாங்கி மாட்டினேன். அது வெடித்த அன்று பட்டன்கள் எல்லாம் புதுசு போலவே இருந்தன. கிழிந்தது பக்கச்சுவர்.

நடந்தது இதுதான். பின் பிரேக் கட்டை ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ரிம்மோடு சேர்த்து டயரையும் உரசியிருக்கிறது. ரிம்முக்குச் சற்று மேலே, டயரைச் சுற்றி மெல்லிய கோடு போல ரப்பர் அறுந்து, உள்ளே இருந்த நூல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ட்யூப் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே பிதுங்கி, அப்புறம் வெடித்தது. நல்லவேளையாக வேகம் குறைந்திருந்தது. காலில் மிதித்து ஓட்டும் சைக்கிளாக இருந்தால் அந்த உரசல் இவ்வளவு சீக்கிரம் அறுத்திருக்காது. மோட்டார் இருந்தால் வேகம் அதிகம், பிரேக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் பட்டனை மறந்துவிட்டு முதலில் டயரின் உடம்பைப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை 40-இல் ஓட்டினால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அதே பள்ளம், அதே கல், ஆனால் அடி வேறு. எஞ்சின், டேங்க், பேட்டரி என்று எடையும் கூடிவிடுகிறது. வண்டி 30 கிலோ, ஆள் 75, பை 10 என்று வைத்தால் 115 கிலோ. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில்தான் உட்காருகிறது. போதாததற்கு மோட்டார் இழுப்பதும் பெரும்பாலும் அதே சக்கரத்தைத்தான். தரமான டயர்களுக்கு அதிகபட்சச் சுமை எத்தனை கிலோ என்று பக்கச்சுவரிலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ போட்டிருக்கும். வாங்கும்போது நம் ஆட்கள் அதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் பின் சக்கரச் சுமையைவிட அது தாராளமாக மேலே இருக்க வேண்டும்.

கடையில் கையில் எடுத்ததும் பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி போல மடங்கினால் வைத்துவிடுங்கள். பழுப்பு நிறப் பக்கச்சுவர் பார்க்க அழகுதான், ஆனால் பெரும்பாலும் அங்கே ரப்பர் மெல்லிசாக இருக்கும், வெயிலில் நின்றால் வெடிப்பு விடும். மோட்டார் வண்டிக்கு முழுக் கறுப்பு டயரே நல்லது. நூல் எண்ணிக்கை அதிகம் என்று சொல்லி விலையுயர்ந்த பந்தய டயரைக் காட்டுவார்கள். ஒரு அங்குலத்தில் நூல் அதிகம் என்றால் ஒவ்வொரு நூலும் மெல்லிசு என்று அர்த்தம். டயர் லேசாகவும் வளைந்து கொடுத்தும் ஓடும், ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை. 60-க்குப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

வேக இ-பைக்குகளுக்கென்று, அதாவது பேட்டரி மோட்டாரோடு வரும் வேகமான சைக்கிள்களுக்கென்று, செய்த டயர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஐரோப்பாவில் மணிக்கு 45 கி.மீ. வரை மோட்டார் உதவும் சைக்கிள்கள் உண்டு. அவற்றின் டயர்கள் ஈசிஇ-ஆர்75 (ECE-R75) என்ற விதிப்படி ஒப்புதல் பெறுகின்றன. அந்த முத்திரை பக்கச்சுவரில் இருக்கும். சிலவற்றில் இ-50 (E-50) என்றும் இருக்கும், மணிக்கு 50 கி.மீ. வரை ஓடும் இ-பைக்குக்கு ஏற்றது என்று பொருள்.

அளவு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 26 அங்குலம் என்று ஒரே பெயரில் பல ரிம்கள் இருக்கின்றன. 26 × 2.125 டயர் உட்காருவது 559 மி.மீ. ரிம்மில். 26 × 1 3/8 உட்காருவது 590-இல். ஒன்றுக்கொன்று ஒத்தே வராது. அதனால் அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, பழைய டயரில் 57-559 மாதிரி இருக்கும் எண்ணைத் தேடுங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம். இரண்டாவது எண் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். முதல் எண்ணில்தான் கொஞ்சம் விளையாடலாம்.

மொபெட் டயரையே மாட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆசைதான். ஆனால் 26 அங்குலம் என்பது சைக்கிளில் ஏறக்குறைய டயரின் வெளி விட்டம், மொபெட்டில் 17 என்பது ரிம்மின் விட்டம். ரிம்மை, போக்ஸ் கம்பியை எல்லாம் மாற்றி வேறு சக்கரமே கட்டினால்தான் அது நடக்கும்.

அகலம் கூடினால் நல்லதுதான். காற்றின் அளவு கூடுகிறது, ரிம் அடி வாங்காது, போக்ஸ் கம்பியும் பிழைக்கும். 26 அங்குலச் சக்கரத்துக்கு 50 முதல் 57 மி.மீ. வரை என் தேர்வு. ஆனால் இடது பக்கம் எஞ்சின் செயின் ஓடும் கிட் என்றால் வாங்கும் முன் செயினுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்துவிடுங்கள். சக்கரத்தில் லேசாகக் கோட்டம் இருந்தாலும் செயின் டயரைத் தொடக்கூடாது. செயின் கடித்த டயரைப் பார்த்திருக்கிறேன், எலி கொறித்த மாதிரி இருக்கும்.

பட்டன் பற்றிக் கேட்டீர்கள். தார்ச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் நடுவில் இடைவெளியில்லாத பட்டையும் ஓரங்களில் வெட்டும் உள்ள டயர்தான் நெடுநாள் வரும். முரட்டுப் பட்டன் தார்ச் சாலையில் வளைந்து வளைந்து தேயும், ஙொய்யென்று இரையும், திருப்பத்தில் சக்கரம் நழுவுகிற மாதிரி இருக்கும். மண் பாதை என்றால் வேறு கதை.

பஞ்சர் தடுப்பு அடுக்குக்குப் பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஸ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயரில் பட்டைக்கு அடியில் 5 மி.மீ. தடிமனுக்கு நெகிழ்வான ரப்பர் அடுக்கு இருக்கிறது. ஆணியே குத்தினாலும் ட்யூபைத் தொடுவதற்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கனம்தான், ஆனால் இழுக்க மோட்டார் இருக்கும்போது அந்தக் கனம் யாருக்குக் கவலை? பின் சக்கர ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுக்குடத்திலேயே) மோட்டார் என்றால் இந்த அடுக்கு கட்டாயம் வேண்டும். வழியில் பஞ்சர் ஆனால் ஒயரைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி அந்தச் சக்கரத்தை இறக்குவதற்குள் பாதி நாள் போய்விடும். காற்றே இல்லாத கெட்டி டயர் வேண்டவே வேண்டாம். பஞ்சர் ஆகாது, உண்மை. ஒவ்வொரு அதிர்ச்சியும் நேரே போக்ஸ் கம்பிக்கும் உங்கள் முதுகுக்கும் போகும்.

இப்போது காற்று. எந்த டயர் வாங்கினாலும் அதன் ஆயுளில் பாதி பம்பில்தான் இருக்கிறது. காற்று குறைந்த டயர் பக்கச்சுவரிலேயே மடிந்து மடிந்து நூல் அறும். பள்ளத்தில் விழுந்தால் ரிம் ட்யூபைக் கவ்வி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். ட்யூபில் அப்படி ஜோடி ஓட்டை பார்த்தால் ஆணியைத் தேடாதீர்கள், காற்று போதவில்லை. இன்னொன்று, மோட்டார் இழுக்கிற வேகத்தில் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகரும். ட்யூபும் கூடவே போகும், ஆனால் வால்வு ரிம் ஓட்டையில் மாட்டியிருக்கிறதே! அது சாய்ந்து சாய்ந்து ஒருநாள் அடியோடு கிழியும். அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. வால்வு நேராக நிற்கிறதா என்று வண்டியை எடுக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரை நகர்த்தி நேராக்கி மறுபடி அடியுங்கள். பக்கச்சுவரில் காற்றழுத்தம் பிஎஸ்ஐ (PSI) கணக்கில் இத்தனை முதல் இத்தனை வரை என்று போட்டிருப்பார்கள். பின் டயருக்கு மேல் எல்லைக்குப் பக்கத்தில், முன் டயருக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை அளவுமானி வைத்துப் பார்க்கிறேன், கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டு நாளாயிற்று.

ட்யூபும் தடிமனானதாக எடுங்கள். ரிம்மின் உள்ளே போக்ஸ் தலைகளை மூடும் பட்டை நைந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள். பின் டயர் தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புது டயரை முன்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னால் போடுவது மட்டும் வேண்டாம். பின் டயர் வெடித்தால் வண்டி ஆடும், முன் டயர் வெடித்தால் ஆளே விழுவார்.

உங்கள் பழைய டயரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதை உள்வெளியாகத் திருப்பி, எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நடுப்பட்டை தேய்ந்து போயிருந்தால் டயர் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. பக்கத்தில் கிழிந்திருந்தால் புது டயர் வாங்கும் முன் பிரேக் கட்டையையும் செயினையும் பார்த்துவிடுங்கள்.