‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று போர்டு மாட்டினால் போதுமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறை விட்டதும், ஒன்பது வயது மகளுக்குக் கிறிஸ்துமஸ் கவுனும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஜீன்ஸும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கினோம். வீட்டில் போட்டுப் பார்த்தபோதே கவுனின் இடுப்புத் தையல் விட்டுவிட்டது. ஜீன்ஸ் மகனுக்கு இறுக்கமாக இருக்கிறது. மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரர் ‘விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது’ என்ற போர்டைக் காட்டுகிறார். எங்களிடம் இருப்பது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டுதான்.
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: ஒரே பையில் வந்தாலும், இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். தையல் விட்டுப்போன கவுன் குறையுள்ள பொருள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை ஆகும். பில்லில் ஏதாவது கால வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், அப்படி எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள்ளும் நீங்கள் இந்த உரிமையைக் கேட்கலாம். கடையில் மாட்டிய போர்டு சட்டத்தை மீற முடியாது. ‘டேமேஜ்’ என்று உங்களிடம் சொல்லியே விலையைக் குறைத்து விற்றிருந்தால் மட்டும், அந்தக் குறையைக் காட்டிப் பணம் கேட்பது கடினம்.

பில் தராததும் அதே சட்டத்தின் கீழ் தவறுதான் என்பதால், துண்டுச் சீட்டு வைத்திருப்பதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. ஜிபே அல்லது போன்பே வழியாகப் பணம் செலுத்தியிருந்தால், அதில் கடையின் பெயரும் தேதியும் தொகையும் இருக்கும்; அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துணியில் கடையின் விலைச் சீட்டு தொங்கினால் அதைக் கத்தரிக்காதீர்கள். விட்டுப்போன தையலை நீங்களே தைத்துவிடவும் வேண்டாம். பிரிந்த இடத்தை உள்பக்கம் திருப்பிப் படம் எடுங்கள். தையலுக்கு விட்ட துணி மிகக் குறைவாக இருந்து நூல் இழுபட்டிருப்பது அந்தப் படத்தில் தெரிந்தால், குழந்தை இழுத்துக் கிழித்துவிட்டாள் என்று சொல்ல இடமிருக்காது.

பண்டிகைக்கு முந்தைய மாலை நேரங்களில் அந்தச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. விற்பனையாளருக்கு நின்று பதில் சொல்லவும் நேரமிருக்காது. ஆகவே, காலையில் கடை திறந்ததும் போய், உரிமையாளரிடமே பொறுமையாகப் பேசுங்கள். பலரும் வேறு உடை மாற்றித் தந்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஒரு கவுனுக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படி நாம் விட்டுவிடுவதை நம்பித்தான் அந்தப் போர்டு இன்னும் தொங்குகிறது.

ஜீன்ஸைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. அளவு சேராததும் நிறம் பிடிக்காததும் பொருளின் குறை ஆகா. மாற்றித் தருவது கடைக்காரரின் விருப்பம். எனவே, வாங்கும்போதே ‘சைஸ் மாற்றித் தரப்படும்’ என்று பில்லின் பின்புறம் தேதியோடு எழுதி வாங்குவது நல்லது. பிள்ளையை அழைத்துப் போக முடியாத நாளில், அவனுக்குச் சரியாக இருக்கும் பழைய பேன்ட் ஒன்றைக் கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பத்து வயது மகனுக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் ரிமோட் கார் வாங்கினேன். சார்ஜ் போட்டால் அடிப்பாகம் தொட முடியாதபடி சுடுகிறது. பெட்டியில் கம்பெனிப் பெயரே இல்லை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் அந்தக் காரைச் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். இறக்குமதியான பொம்மைக்கும் இது பொருந்தும். முத்திரைக்கு மேலே தர எண்ணும் (மின்சாரப் பொம்மை என்றால் ஐ.எஸ். 15644), கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், அந்த உரிம எண்ணை, இந்த முத்திரையை வழங்கும் அரசு அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரியும். முத்திரையே இல்லாத பொம்மையை விற்றதைப் பற்றியும் அதே செயலியில் புகார் செய்யலாம்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைதான். ரிமோட்டைத் திருப்பி, பேட்டரி மூடியைப் பாருங்கள். திருகாணி போட்டு மூடியிருக்கிறதா, இல்லை நகத்தால் நெம்பினாலே திறந்துவிடுகிறதா? உள்ளே காசு வடிவச் சின்ன பேட்டரி இருந்து, மூடியும் எளிதில் திறந்துகொண்டால், அந்த ரிமோட் வீட்டில் இருக்கவே கூடாது. அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அங்கே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: விடுமுறைக்காகப் பத்து நாள் ஸ்கேட்டிங் வகுப்பில் மகளைச் சேர்த்தோம். பயிற்சியாளர் வரவில்லை என்று நான்காம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். ரசீதில் ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்றிருக்கிறது.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பிள்ளை தானாக நின்றிருந்தால் அந்த வரியைக் காட்டி அவர்கள் வாதிட முடியும். வகுப்பை அவர்களே நிறுத்தியதால் இது சேவைக் குறைபாடு; நடக்காத ஆறு நாட்களுக்கான கட்டணத்தை நீங்கள் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ‘இன்று வகுப்பு இல்லை’ என்று வந்த செய்திகளை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, 15 நாட்களுக்குள் பணத்தைத் தரும்படி ஒரு கடிதம் எழுதி, ரசீதின் நகலோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.